போனவர்களும் இருந்தவர்களும்

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டு அரசு கப்பலில் அனுப்பிய அரிசி நம் மலைகளுக்கும் வந்து சேர்ந்தது. 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, அவற்றோடு மருந்து என்று அந்த அரசு அறிவித்திருந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற நாட்கள் அவை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதாவது முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கியதை ஏறக்குறைய இருநூறு கொடுத்து வாங்க வேண்டும். அந்த அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போன பெரியவர்கள் பலரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "அப்பவே கப்பல் ஏறியிருந்தா தப்பிச்சிருப்போம்."

நீலகிரியில் இருக்கும் சொந்தக்காரர்களோடு தொலைபேசியில் பேசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து வருவது வேறு பேச்சு. "சிலோன்லயே இருந்திருக்கலாம், அங்கயாவது நம்ம ஆளுங்க இருக்காங்க." இக்கரையில் இருப்பவருக்கு அக்கரை பச்சை, அக்கரையில் இருப்பவருக்கு இக்கரை பச்சை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேட நமக்கு வாய்த்திருப்பது போன்ற வசதி உலகில் அதிகம் பேருக்குக் கிடைப்பதில்லை. எந்த நாட்டில் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று இரண்டு நாடுகளை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு வெவ்வேறு மக்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். இங்கே ஒரே மக்கள். ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து, ஒரே பிள்ளை மடுவத்தில் வளர்ந்தவர்கள். பாதிப் பேர் கப்பல் ஏறினார்கள், பாதிப் பேர் இருந்தார்கள். இரு பக்கத்தாரும் அதற்குப் பிறகும் தேயிலையையே கிள்ளினார்கள்.

நம்முடைய வீடுகளில் நாடுகளை ஒப்பிடுவதென்றால் பேச்சு சவூதிக்கும் கட்டாருக்கும்தான் போகும். யார் மாமா எவ்வளவு அனுப்புகிறார், அங்கே எத்தனை மாடி, எத்தனை கார் என்பதில் முடியும். அது சம்பாதிக்கப் போகிறவர்களின் கணக்கு, வாழப் போகிறவர்களின் கணக்கு அல்ல. குடும்பத்தோடு, திரும்பி வர முடியாது என்று தெரிந்தே கடல் கடந்தவர்களின் கணக்கு நமக்கு மிகவும் பக்கத்திலேயே கிடக்கிறது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் கடை வைத்திருக்கும் நாம் அதைக் கேட்பதில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30 இல் புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். கணக்கில் இருந்தவர்கள் 975,000 பேர். அவர்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974 இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளையில் குடும்ப அட்டை வாங்கி, கோச்சியில் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போவது வழி. வழியனுப்ப வந்தவர்கள் மேடையிலே விழுந்து அழுததால் அந்தக் கோச்சிக்கு மலையகத்தார் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. 1984 இல் கப்பல் நின்றது. அதற்குள் பிறகு பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். இந்தச் சட்டங்களில் சிக்கியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள் மட்டுமல்லர், நம் நகரங்களில் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும்தான் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். புத்தகத்தைத் திறந்தால் இலங்கைதான் முன்னால் நிற்கிறது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 2025 இல் வெளியிட்ட மனித அபிவிருத்தி அறிக்கையில் இலங்கைக்கு 89 ஆம் இடம், இந்தியாவுக்கு 130 ஆம் இடம். நம்முடைய சராசரி ஆயுள் 77 வருடங்களுக்கு மேல், அவர்களுடையது 72. பொருளாதாரம் நொறுங்கிய பிறகும் இந்த நிலை. பொதுச் சாதாரணப் பொது அறிவுப் போட்டியில் இந்தக் கேள்வி வந்தால் இலங்கை என்று எழுதிப் புள்ளி வாங்கிவிடலாம்.

ஆனால் சராசரி என்பது சமவெளியிலே எடுத்த படம். மலையேறும்போது அது மங்கிவிடும். 2016 இல் நடந்த குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தை மட்டும் தனியாக எடுத்தால் நூற்றுக்கு 32. தமிழ்நாடு முழுவதற்கும் அதே கணக்கு 25 அளவில் நிற்கிறது. அதாவது, இந்தியாவைவிட முன்னேறிய நாட்டின் தேயிலை மலையில் பிறக்கும் பிள்ளை, சாதாரணத் தமிழ்நாட்டுப் பிள்ளையைவிடக் குள்ளமாக வளர வாய்ப்பு அதிகம். வறுமையும் அப்படித்தான். 2019 இன் அரசாங்கக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 14.3 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். இரண்டு நாடுகளை ஒப்பிட வந்த நாம், ஒரே நாட்டுக்குள் இரண்டு நாடுகள் இருப்பதைப் பார்க்கிறோம்.

சம்பளத்தைப் பார்ப்போம். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடங்கள் கூட்டமும் ஊர்வலமும் நடந்தன என்பது ஹட்டன் பஸ் நிலையத்துக்குத் தெரியும். 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தபோது ஏறக்குறைய 5 டொலர். 2022 மே மாதத்தில் அதே ஆயிரம் ரூபா 3 டொலருக்கும் குறைவு. போராடி வாங்கியதை நாணய மாற்று ஒரே வருடத்தில் திருப்பி எடுத்துக்கொண்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. நீலகிரியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி இந்த வருடங்களில் நானூறு சொச்சம் இந்திய ரூபா. நம் பணத்தில் மாற்றினால் 1,500 அளவில் வரும். வித்தியாசம் பெரிதில்லை. அறுபது வருடங்களுக்கு முன் குடும்பத்தைக் கிழித்துக் கடலின் இரண்டு பக்கமும் போட்டதற்கு இந்த நூற்றைம்பது ரூபாதான் மிச்சம் போலத் தோன்றும்.

சம்பளம் நம் கைக்கு முழுதாக வருகிறதா என்பது வேறு கேள்வி. நிர்ணயித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள். மழை பெய்தால் கொழுந்து வரும், ஆனால் மழையில் மலையேற முடியாது. வெயில் அடித்தால் ஏறலாம், கொழுந்து இராது. கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபிமொழியை ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டே வளர்கிறோம். கூலியைத் தாமதிப்பது தெரிகிறது, கூலியைப் பாதியாக்கும் தராசு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோட்டத்துச் சம்பளம் போட்ட மறுநாள்தான் நம் கடைகளில் கொப்பிக் கணக்குத் தீர்கிறது என்பதால், அந்தத் தராசில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இருக்கட்டும். வித்தியாசம் சம்பளத்தில் இல்லை, அதை வைத்து வாங்கும் அரிசியில் இருக்கிறது. 2024 டிசம்பரில் இங்கே நாட்டரிசிக்கு அரசாங்கம் போட்ட உச்ச விலை கிலோ 230 ரூபா. மாதம் 30 கிலோ தேவைப்படும் குடும்பத்துக்கு 6,900 ரூபா. ஐந்து நாள் முழுப் பேர் அரிசிக்கே போய்விடும். தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி 2011 இலிருந்து இலவசம். பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 2023 செப்டெம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கியில் விழுகிறது. அங்கே கொழுந்து எடுப்பவள் ஏழைதான். ஆனால் அடுப்பு எரியுமா என்ற பயம் அவளுக்கு மாதக் கடைசியில் வருவதில்லை. நமக்கும் ஒருகாலத்தில் பங்கீட்டு அரிசி இருந்தது, இலங்கை முழுவதும் அதில் வளர்ந்தது. 1970களின் நடுவில் அது சுருங்கியபோது தோட்டங்களில் பஞ்சம் வந்தது, பலர் குடும்ப அட்டையைத் தேடி ஓடியது அதற்குப் பயந்துதான். ஒப்பந்தம் கையெழுத்தானது டில்லியில் என்றாலும், பலரைக் கப்பல் ஏற்றியது பசி. பின்னர் 1977, 1981, 1983 இன் தீயும் அதைச் செய்தது.

இதைப் படித்துவிட்டு, போனவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. அவர்கள் போன முதல் இருபது வருடக் கதை கொடுமையானது. எல்லோருக்கும் தேயிலைத் தோட்டம் கிடைக்கவில்லை. தாயகம் திரும்பியோருக்காகவே தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தோட்டங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, வால்பாறை ஆகிய இடங்களில் ஒரு பகுதியினருக்குத்தான் வேலை கொடுத்தன. சிலர் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கும், சிலர் நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். மிகப் பெரும்பாலானோருக்குக் கொடுக்கப்பட்டது ஐயாயிரம் ரூபாய் வியாபாரக் கடன். வாழ்நாளில் தராசு பிடித்து அறியாதவனிடம் வியாபாரம் செய் என்றால் என்ன செய்வான்? தரகர்கள் பாதியைத் தின்றார்கள். திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் பாட்டனின் ஊரைத் தேடிப் போனவர்களை ஊர் அடையாளம் கண்டுகொண்டது சாதியால் மட்டுந்தான். அங்கே நிற்க முடியாமல் மறுபடியும் குளிரைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினார்கள். கொடைக்கானல் காடுகளில் சிலர் கொத்தடிமைகளாகச் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். இங்கே "கள்ளத்தோணி" என்று ஏசப்பட்டவர்கள் அங்கே "சிலோன்காரன்" ஆனார்கள்.

பிள்ளைப்பேற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் நம் நாடு தலை நிமிர்ந்து நிற்கிறது. ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு இந்தியாவில் 2018-20 காலத்தில் 97, தமிழ்நாட்டில் 54, இலங்கையில் 30 அளவில். லயத்துப் படிக்கட்டில் குடையோடு ஏறி வரும் மருத்துவ மாது இந்தக் கணக்கின் பின்னால் நிற்கிறார். இலங்கை எதையெல்லாம் மலைக்கு எடுத்து வரவில்லை என்று குறைபடுகிற நான், அந்தக் குடையையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லூரி மலரில் எழுதும்போது கல்வியைத் தாண்டிப் போக முடியாது. இலவசக் கல்வி 1945 இல் வந்ததாக எல்லோரும் எழுதுகிறோம். தோட்டப் பாடசாலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் தயவில், ஒரே கட்டடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை கிடந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். முஸ்லிம் பாடசாலைகளை உயர்த்தியவர் என்று அவரை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அவருடைய காலத்தின் இந்தப் பக்கத்தை மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. தாமதமாக வந்தாலும் அந்த மாற்றத்திலிருந்துதான் இன்றைய ஆசிரியைகளும் தாதிமாரும் சட்டத்தரணிகளும் லயங்களிலிருந்து வந்தார்கள்.

அங்கே எப்படி? தமிழ்நாட்டில் 1982 இலிருந்து விரிவான சத்துணவு, 2022 இலிருந்து அரசு ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். கூடலூரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. உயர்கல்வி வயதினரில் நூற்றுக்கு 47 பேர் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் இருப்பதாக 2021-22 கணக்குச் சொல்கிறது. இந்தியாவின் சராசரி 28 தான். நம் நாட்டில் உயர்தரத்தில் நல்ல இசட் புள்ளி வந்தால் பேராதனையோ கொழும்போ இலவசம், மாவட்ட ஒதுக்கீடும் நுவரெலியாவுக்குக் கை கொடுக்கும். அந்தப் புள்ளி கொஞ்சம் குறைந்துவிட்டால்? கொழும்பில் உடுப்புக்கடை, வீட்டு வேலை, இல்லாவிட்டால் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலை. முதல் வரிசைப் பிள்ளைக்கு இலங்கை, நடு வரிசைப் பிள்ளைக்குத் தமிழ்நாடு என்று நான் சொல்வேன். தோட்டப் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத வருடங்களில், முதல் வரிசைப் பிள்ளைகளும் நடு வரிசைக்குத் தள்ளப்படுகிறார்கள். வகுப்பில் நம்முடன் படிக்கும் தோட்டத்துத் தோழியரிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இனி வீடு. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு திண்ணை, தகரக் கூரை. மூன்று தலைமுறை ஓர் அறையில் திரைச்சீலையைத் தொங்கவிட்டு வாழ்கிறது. மகளுக்கு வயது வந்தால் உடுப்பு மாற்ற இடமில்லை. இந்த நெருக்கடியைவிடப் பெரிய விஷயம், அந்த அறை அவர்களுடையது அல்ல என்பது. அது வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும், இல்லாவிட்டால் துரைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு சுவரை உடைத்து ஜன்னல் வைக்க வேண்டுமென்றாலும் அனுமதி. தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்படும் வரைக்கும், தோட்டத்துக்குள் ஒரு பாதையைப் போடுவதற்குப் பிரதேச சபைக்கு அதிகாரம் இருக்கவில்லை. வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை தன் வாசலுக்கு வர முடியாத நாடு எங்கேயாவது உண்டா?

கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் அங்கேயும் லயன் வீடு வேலையோடுதான் ஒட்டியிருக்கிறது. டான்டீயில் முப்பது, நாற்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றதும் எங்கே போவது என்று திகைத்தார்கள். தோட்டங்கள் நட்டத்தில் ஓடுவதாகக் கூறி 2022 இல் தமிழ்நாட்டு அரசு அவற்றின் ஒரு பகுதி நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. கூடலூர்ப் பக்கம் சொந்தமாகக் குடிசை போட்டுக்கொண்டவர்களுக்கு வேறு சிக்கல். அந்த நிலங்கள் 1969 ஆம் ஆண்டின் ஜென்மச் சட்டத்தில் 17 ஆம் பிரிவின் கீழ் வழக்கில் கிடப்பவை. பட்டா இல்லை, பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு மின்சாரம் கிடைப்பதே பெரும்பாடு. தாயகம் திரும்பியவர்கள் அல்லாத தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கும் இதே கதைதான். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் பம்பாய் பர்மா கம்பனி 2024 ஜூனில் வேலையை நிறுத்தியபோது, நான்கு தலைமுறையாக அங்கே பிறந்தவர்களுக்கு வேலையோடு வீடும் ஊரும் சேர்ந்து போயின. தேயிலைத் துரைமார் இலங்கையிலும் இந்தியாவிலும் ஒரே அளவுகோலால் லயத்தைக் கட்டினார்கள். இரண்டு சுதந்திர நாடுகளும் அந்தச் சட்டத்தை மாற்ற அவசரப்படவில்லை.

ஆகவே, எந்த நாடு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். சோற்றுக்கும் நடுத்தரப் பிள்ளையின் படிப்புக்கும் அந்தப் பக்கம் மேல். பிள்ளைப்பேற்றுக்கும் ஆயுளுக்கும் இந்தப் பக்கம். வீட்டு விஷயத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இந்த வித்தியாசங்கள் மண்ணிலிருந்து வந்தவை அல்ல என்பதையும் பாருங்கள். அங்கே இலவச அரிசி வந்தது, ஏழைகளின் வாக்கை நம்பிப் போட்டியிடும் கட்சிகள் இருந்ததால். போனவர் கரையிறங்கிய நாளிலிருந்து இந்தியப் பிரஜை, அடுத்த தேர்தலில் வாக்காளர். இருந்தவர்களுக்கோ 1988 இலும் 2003 இலும் புதிய சட்டங்கள் போட வேண்டியிருந்தன. நாற்பது, ஐம்பது வருடங்களாக வாக்கு இல்லாத மக்களுக்கு யார் அரிசி கொடுப்பார்? யார் பாதை போடுவார்? நம் மலையின் வறுமையில் பாதி அந்த வாக்கில்லாத வருடங்களின் வட்டி.

ஆனால் வாழ்க்கைத் தரக் கணக்கில் ஏறாத ஒன்று இருக்கிறது. இருந்தவர்கள் ஒரே இடத்தில் நெருக்கமாக இருந்தார்கள். வாக்கு வந்ததும் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றத்துக்கு ஆட்களை அனுப்பினார்கள், தொழிற்சங்கத் தலைவர் அமைச்சரானார். மலையகத் தமிழர் என்று தமக்குத் தாமே ஒரு பெயரை வைத்துக்கொண்டார்கள், அந்தப் பெயரில் ஓர் இலக்கியமே எழுந்தது. 2023 இல் இரண்டு நூற்றாண்டு நிறைவென்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் வந்த வழியே நடந்தார்கள். போனவர்கள் நீலகிரி முதல் ஆந்திரா வரை சிதறினார்கள். அவர்களுக்கென்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் இல்லை, ஒரு பெயர்கூட இல்லை. அரிசி கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. இதில் எது பெரிது என்று வயிறு நிறைந்த நான் தீர்ப்புச் சொல்வது அழகல்ல. சோற்றைப் பார்த்து இந்தியா என்றும், பெயரைப் பார்த்து இலங்கை என்றும் சொல்கிறவர்கள் இருவருமே பொய் சொல்லவில்லை.

மூணாறில் 2015 செப்டெம்பரில் நடந்ததும் ஞாபகத்துக்கு வருகிறது. போனஸைப் பாதியாகக் குறைத்ததும், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் எந்தச் சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடாமல் தெருவில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். போனஸைத் திரும்ப வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த கேரளத் தோட்டக் கூலி அந்த வருடம் 301 ஆனது. நம் மலையிலும் கொழுந்து எடுப்பவர்கள் பெண்கள், சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

கடைசியாக ஒரு விசித்திரம். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்தார். ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். ஒவ்வொன்றும் 7 பேர்ச் காணியில், 550 சதுர அடி. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவ போகும் வழியில் அப்படிப்பட்ட வீடுகளைக் காணலாம். முன்னால் கீரைப் பாத்தி, ஒரு பக்கத்தில் கோழிக்கூடு. இந்தியாவுக்குப் போகாமல் இருந்தவர்களுக்கு இந்தியா வீடு கட்டித் தருகிறது. இந்தியாவுக்கே போனவர்கள் கூடலூரில் பட்டாவுக்கு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தீப்பிடித்த வருடங்களுக்குப் பிறகு அகதியாகப் போன மலையகத்தவர்களில் பலர் தமிழ்நாட்டு முகாம்களில் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் இன்னமும் இருக்கிறார்கள். இந்தியா 2019 இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் அவர்களுக்கும் இடமில்லை, முஸ்லிம்களுக்கும் இடமில்லை.

புது வீட்டுக்காரர்களைச் சந்தித்தால் வீடு எப்படி என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உறுதிப் பத்திரம் கைக்கு வந்துவிட்டதா, வந்திருந்தால் அதில் அம்மாவின் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள்.